சோப்புத் துண்டோடு வீடு பார்த்தல்

கைப்பையில் ஒரு சோப்புத் துண்டு.
தரகர் தணிகாசலம் முதலில் சிரித்தார்.
மூன்றாவது வீட்டிலிருந்து
அவரே குழாயைத் திறந்துவிட்டு
ஒதுங்கி நின்றார்.

மேடவாக்கத்தில் நுரைக்கவில்லை.
வாசலில் ஒரு எலுமிச்சை மரம் காய்த்திருந்தது,
அதற்காகவே
இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தேன்.
விரலிடுக்கில் பிசுக்கு ஒட்டியதுதான் மிச்சம்.

பெருங்குடியில் பொங்கி நுரைத்தது.
மூன்றாம் மாடி, நல்ல வெளிச்சம்,
சமையல் மேடை என் இடுப்புக்குச் சரியான உயரம்.
ஜன்னலில் கை வைத்தேன்.
"இப்ப வேணாம் மேடம், காத்து அந்தப் பக்கமிருந்து அடிக்குது."
குப்பைமேட்டுக்கும் இந்த ஜன்னலுக்கும் நடுவே
காற்றின் நல்ல மனசு மட்டும்தான்
காவலுக்கு இருந்தது.

ரொசாரியோவுக்கு அம்பத்தூரில் ஷிப்ட்.
எனக்குக் குரோம்பேட்டையில் ராத்திரி வார்டு.
இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்தால்
போனில் நீலமாக வருகிறது,
போரூர் ஏரி.
"ஏரியில வீடு கிடைக்காதே" என்றேன்.
"இப்போதைக்கு" என்றார் தணிகாசலம்.

சேலையூர்க்காரர் காபி கொடுத்தார்.
நாங்கள் யார் என்பதை
நான்கு விதமாகச் சுற்றிவந்து கேட்டார்.
நான்குக்கும் தூத்துக்குடி என்றே சொன்னேன்.
ஐந்தாவதாகக் கேட்டது கருவாடு பற்றி.
ஒரு சின்னப் பொய்யை நாக்கில் எடுத்து வைப்பதற்குள்
சேவியோ சொல்லிவிட்டான்,
"எனக்கு நெத்திலிதான் அங்கிள் பிடிக்கும்."
காபி நன்றாகத்தான் இருந்தது.

மெல்பா எதுவும் சொல்லவில்லை.
டிரான்ஸ்பர் ஆர்டர் வந்து பதினோரு நாள்,
பதினோரு நாளாக எங்களோடு பேச்சில்லை.
ஒவ்வொரு வீட்டிலும் உள்ளறைக்குப் போய்
வெறுந்தரையில் மல்லாந்து படுப்பாள்,
விட்டத்துக் கொக்கியைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள்,
எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு
ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொள்வாள்.
பத்தாம் வகுப்புப் பிள்ளையை
நடு வருஷத்தில் பிடுங்கி நட வந்தவளுக்கு
கேட்க என்ன உரிமை?

முடிச்சூர்ப் பக்கம் போகும்போது இருட்டிவிட்டது.
"இந்தத் தெருவுல தண்ணி நிக்கவே நிக்காது மேடம்."
கீழ்வீட்டுச் சுவரில்
என் நெஞ்சு வரைக்கும் ஒரு பச்சை,
அதற்கு மேலே வேறு பச்சை.
இரண்டும் சேருமிடத்தைக் கையால் தொட்டேன்.
தணிகாசலத்துக்கு அவசரமாக ஒரு போன் வந்தது.

எதிரே இஸ்திரி வண்டி.
முனிரத்தினம் கேட்காமலே கையை உயர்த்திக் காட்டினார்,
"இதோ, இந்த மட்டுக்கு.
வண்டி மிதந்து போச்சு.
மூணாம் நாள் பக்கத்துத் தெருவுல, ஒரு கார் மேல
ஏறி உக்காந்திருந்துச்சு."
ஏன் அதற்கப்புறமும் இங்கேயே?
ஒரு சட்டைக் காலரை மடித்து அழுத்தினார்.
"துணியெல்லாம் இங்கதானே இருக்கு."

ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றியதில்
உள்ளதைச் சொன்ன முதல் ஆள்.
ரொசாரியோ என்னைப் பார்த்தார்.
நான் மாடிப்படியைப் பார்த்தேன்,
பதினெட்டுப் படி.

மேல் வீட்டு உள்ளறையிலிருந்து, தரையில் படுத்தபடி,
யாரிடம் என்றில்லாமல் மெல்பா கேட்டாள்:
"மொட்டை மாடிச் சாவி நம்மகிட்ட இருக்குமா?"

வெள்ளத்துக்காகக் கேட்டாளா,
தனியாகப் போய் அழுவதற்கா, தெரியாது.
"இருக்கும்" என்று வீட்டுக்காரரை முந்திக்கொண்டு
நாங்கள் இருவரும் ஒன்றாகச் சொன்னோம்.

ஐயாயிரம் டோக்கன், ஒரு துண்டுச் சீட்டில் ரசீது.
தாம்பரம் பாலம் ஏறும்போதுதான் உறைத்தது,
அந்த வீட்டில் குழாயைத் திறக்கவே இல்லை.
பையைத் துழாவினேன்.
நாலு வீட்டுத் தண்ணீரில் ஊறிய சோப்பு
ரசீதோடு ஒட்டிக்கொண்டு
மை கலங்கியிருந்தது.
தொகை தெரிகிறது,
கையெழுத்து மட்டும்
லேசாக நுரைக்கிறது.