நான்காவது டப்பா

படகேறிப் போய்ப் படித்த பட்டம் அது.
சாலிஸ்பரித் தீவில், கடற்படை கைவிட்ட கொட்டடிகளில்
டை கட்டாதவனை வகுப்புக்குள் விடமாட்டார்கள்.
சட்டம் போட்டு அப்பா அதை
ஐஸ்பெட்டிக்கு மேலே மாட்டினார்.
யாராவது தண்ணீர் எடுத்தால் ஆடும்.

"அடுத்து என்ன?" என்றார்கள் சித்தப்பாக்கள்.
கால் ரொட்டியில் பீன்ஸ் கறி மணிக்கட்டுவரை வழிய
"யோசிக்கிறேன்" என்றேன்.
யோசிக்கவில்லை.
கடற்கரைக்குப் போனால் அங்கே மணலுக்கும்
இன்னாருக்கு என்று பலகை.
சும்மா இருக்க இருட்டாகக் கிடைத்தது
பயாஸ்கோப் மட்டும்தான்.

டர்பனில் அப்போது
இரண்டு கொட்டகைக்கு ஒரே படம்.
விக்டோரியா தெருவில் ஆறு மணிக்கு,
அம்கேனி சாலையில் ஆறே முக்காலுக்கு.
அங்கே ஓடி முடிந்த டப்பாவை
சைக்கிளில் கட்டி இங்கே சேர்க்கவேண்டும்.
வாரம் நான்கு ராண்ட்.
தகுதி: கால்கள்.
முதலாளி என் பெயரைச் சொன்னதே இல்லை.
"பி.ஏ.! மூணாவது டப்பா!"

எந்தப் படத்தையும் நான் முழுதாகப் பார்த்தவனில்லை.
அங்கே ஒருத்தி கடிதத்தைப் பிரித்து அழுவாள்.
மிதித்து வந்து இங்கே இறங்கினால்
அந்தக் கடிதம் இன்னும் வராமல்
சிரித்துக்கொண்டிருப்பாள்.

சாலாட்சியையும் துண்டுதுண்டாகத்தான் தெரியும்.
டிக்கெட் கூண்டின் அரைவட்டத் துவாரத்தில்
முதலில் ஒரு கை. மோதிரம் இறுகிய விரல்.
பிறகு குரல்:
"நனைஞ்சா கதை அழிஞ்சிடாதா பி.ஏ.?"
பிறகு அவளுக்கு விடுமுறையான ஒரு புதன்கிழமை,
கார்லைல் தெருவில் இருபத்திரண்டு மாடிப்படிகள்.
என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள்.
கணவர் தனபாலன்
வெள்ளைக்காரர் ஹோட்டலில் இரவுப் பரிமாறல்;
அங்கே எந்த நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை.
அவரை நான் புகைப்படத்தில் பார்த்திருக்கிறேன்,
அலமாரி மேல், திருமணக் கோட்டில்.

பதினோரு நிமிடம்தான் எங்களுக்கு.
கதவுக்கு வெளியே டப்பா காத்திருக்கும்,
அழைக்காமல் வந்த விருந்தாளி மாதிரி.
"நீ என்ன ஆகணும்?" என்றாள் ஒருமுறை.
விட்டத்தைப் பார்த்தபடி "தெரியலை" என்றேன்.
"எனக்குத் தெரிஞ்சிருந்தது," என்றாள்.
"யாரும் கேக்கலை."
சேலையை உதறினாள், இரண்டு தடவை.

ஆகஸ்டில் வந்த படத்தில்
காதலர்கள் கதவைச் சாத்துவார்கள்,
உடனே விடிந்துவிடும்.
நடுவில் இருந்ததை பிரிட்டோரியாவில் யாரோ
கத்தரித்து வைத்துக்கொண்டார்.
ஜனங்கள் அங்கேதான் விசிலடிப்பார்கள்,
இல்லாததற்கு.

அது நான்காவது டப்பாவில். கடைசி.
அன்றைக்குப் புதன்.
கண் அயர்ந்துவிட்டேன், அவ்வளவுதான் குற்றம்
(அன்றைய குற்றம்).
விழித்தால் எட்டு அடித்திருந்தது.

கொட்டகையில் விளக்குப் போட்டிருந்தார்கள்.
எழுநூறு பேரின் கால்கள் தரையை இடிக்க
நார்த்தம்பழத் தோல் பறந்தது.
டப்பாவோடு நுழைந்தேன்.
பட்டமளிப்பு விழாவில்கூட எனக்கு
இத்தனை கைகள் தட்டியதில்லை.

ஓடிவந்து என் கனத்தை வாங்கி
ஆபரேட்டரிடம் சேர்த்தவருக்கு
வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை.
புகைப்படத்தைவிடத் தலை நரைத்திருந்தது.
"இன்னிக்கு எனக்கு லீவு தம்பி,
வருஷத்துக்கு ரெண்டு. இப்படி ஆயிடுச்சே.
சைக்கிள் பஞ்சரா?"
"ஆமாம்" என்றேன்.
இடது கை முதுகுக்குப் பின்னால் மடிந்திருக்க
தன் சோடாவை என்னிடம் நீட்டினார்,
ஒரு துளி சிந்தவில்லை.
"உக்காரு. பக்கத்து சீட் காலிதான்.
வீட்டுக்காரிக்கு எடுத்தேன்.
தலைவலின்னு வரலை."

உட்கார்ந்தேன்.
விளக்கு அணைந்தது.
கதவைச் சாத்தினார்கள். விடிந்தது.
எழுநூறு பேர் விசிலடித்தார்கள்.
அவர் அடிக்கவில்லை.
"நடுவுல என்னமோ வெட்டிட்டானுங்க,"
என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
"இல்லையா, பி.ஏ.?"