நினைவில் மூன்று

மைனஸ் இருபத்திரண்டு.
விக்ரி ஏரிக்கரையில்
பூட்டியபடி ஒரு பழைய ஓப்பெல்.
பனியில் வெட்டிய தூண்டில் துளைக்குள்
சாவி விழுந்த கதையை
அம்ப்ரோஷி மூன்றாம் முறை சொல்கிறார்.
ஒவ்வொரு முறையும் மீன் கொஞ்சம் பெரிதாகிறது.

"ஒரு கையிலே மீன். பையிலே குறடு.
குறடுன்னு நெனச்சு..."
காரின் மறுபக்கம் போக்னா
பனியைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.
இப்படி எத்தனை 'நெனச்சு'களைக் கேட்டவள் என்பது
அந்தக் காலிலேயே தெரிந்தது.

"இன்னொரு சாவி?"
"வீடு மாத்தினப்போ போச்சு."
"எந்தப் பெட்டியில?"
"அது தெரிஞ்சா நீங்க எதுக்கு?"
நியாயம்தான்.

கதவுப் பூட்டின் மேடுபள்ளம் படித்தேன்.
என் வேனுக்குள் இயந்திரம் கிறீச்சிட்டு
புதுச் சாவி ஒன்றை அறுத்துப் போட்டது.
சூடு ஆறுமுன் கையுறைக்குள் வைத்துக்கொண்டேன்,
வேறொன்றுமில்லை, விரல்களுக்காக.

கதவு திறந்தது. சாவி திரும்பியது.
எஞ்சின் எழுந்தது.
அம்ப்ரோஷி தட்டத் தூக்கிய கைகள்
ஒன்றையொன்று தொடுவதற்குள்
அடங்கிவிட்டது.
முகப்பில் மஞ்சள் விளக்கு சிமிட்டிச் சிமிட்டி:
உடம்பு சரி, பேர் எங்கே?

விளக்கவேண்டியிருந்தது.
சாவியின் தலைக்குள் ஒரு சில்லு,
அரிசிமணி அளவு. பேட்டரி கிடையாது.
பூட்டைச் சுற்றிய செம்பு வளையம்
"யாரு?" என்று கேட்கும்போது
அந்தக் கேள்வியிலேயே உயிர் வாங்கித்
தன் எண்ணைச் சொல்லும்.
கேட்டால் சொல்லும்.
கேட்காவிட்டால் சும்மா கிடக்கும், எத்தனை வருடமானாலும்.
"அப்போ ஏரிக்கு அடியிலே..."
"ஆமாம். சொல்லத் தயாரா."
அவர் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரின் வயிற்றில் வயரைச் செருகினேன்.
குளிரில் திரை சோம்பல் முறித்து
ஒரு வரி காட்டியது:
நினைவில் உள்ள சாவிகள்: 3.

ஏரியில் ஒன்று. ஏதோ அட்டைப்பெட்டியில் ஒன்று.
அம்ப்ரோஷி மறுபடி எண்ணினார்;
விரல்கள் இரண்டைத் தாண்டவில்லை.
போக்னா அப்போதுதான் பக்கத்தில் வந்தாள்.
"மூணாவது யாருது?"
கேட்டது என்னையல்ல, காரையுமல்ல.

நல்லவேளை, பதிவுத்தாள் இருந்தது.
முதல் சொந்தக்காரர்: ஹின்னெர்க், ப்ரேமன், ஜெர்மனி.
"பன்னெண்டு வருஷமா அந்த ஆளு
எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துட்டுப் போயிருக்கலாம்?"
"போயிருக்கலாம்."
"ஏன் போகலே?"
"காரைப் பார்த்திருப்பான்" என்றார் அம்ப்ரோஷி.

பழையதையெல்லாம் அழிக்கட்டுமா என்றேன்.
"ஏரிச் சாவியை மட்டும் விட்டுவைங்களேன்,
பனி உருகினா ஒருவேளை..."
"மீன் ஓட்டிட்டு வருமா?" என்றாள் போக்னா.
அழித்தேன்.

0.

ஒரு நிமிடம் அந்தக் காருக்கு
உலகத்தில் யாரையும் தெரியவில்லை.
ப்ரேமனில் ஒரு மேஜை இழுப்பறையில்,
பெயரெழுதாத பெட்டியில்,
சேற்றில்,
மூன்று சாவிகள் சத்தமில்லாமல் இரும்பாயின.

புதியதைச் சேர்த்தேன். சேரவில்லை.
சில்லை மாற்றினேன். சேரவில்லை.
பிறகு அம்ப்ரோஷி தொண்டையைச் செருமினார்:
"நவம்பர்லேர்ந்தே சில நாள் காலையில இப்படித்தான்.
ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு குத்து விட்டா
சரியாயிடும்."
இதை முதலிலேயே சொல்லியிருந்தால்
என் மூக்கு இன்னும் சிவப்பாகாமல் இருந்திருக்கும்.

மூடியைக் கழற்றினேன்.
வளையத்தின் இணைப்பு பாதி நழுவி,
பச்சைக் களிம்பேறி.
பதில் சொல்பவளை மாற்றி மாற்றிப் பார்த்தேன்;
அடைத்திருந்தது கேட்பவளின் தொண்டை.
துடைத்து அழுத்தினேன். க்ளிக்.

1.
2.
எஞ்சின் எழுந்தது. நின்றது எழுந்தபடியே.
அவர் மறுபடி கைதட்டவில்லை,
ஒருமுறை ஏமாந்த கைகள்.

பாதி ரொக்கம், பாதி புகையிட்ட மீன்.
(கதையில் வந்த மீன் இல்லை. இது சிறியது.)
ஒரு சாவியைத் தூண்டில் நரம்பில் கோத்து
அவரே கழுத்தில் கட்டிக்கொண்டார்.
மற்றொன்றைப் போக்னா வாங்கி
கோட்டுக்குள் எங்கோ வைத்தாள்.

எங்கே என்று அவள் சொல்லவில்லை.
அவர் கேட்டால்தானே.