பழுப்பு

பள்ளத்தூர் ராக்கப்பன், வயது ஐம்பத்து நான்கு.
வலது நுரையீரலின் மேல் மடலிலிருந்து
ஊசி எடுத்துவந்த சதை
சோற்றுப் பருக்கை அளவுகூட இல்லை.
மெழுகில் புதைத்து, மூன்று மைக்ரான் கனத்தில் சீவி,
கண்ணாடிச் சில்லில் ஏந்தினேன்.
செக்காலை ரோட்டு மாடியில் எங்கள் லேப்.
படியேறி வந்த மூச்சிரைப்பு அடங்காமல்
பெஞ்சில் இருந்தார் அவர்.

பி ஐம்பத்து மூன்று என்றொரு புரதம்.
செல் இரண்டாகும் முன்
எழுத்தில் பிழை இருந்தால் ‘நில்’ என்பது.
நல்ல செல்லில் வந்த சுவடு தெரியாமல் கரைந்துவிடும்;
சாயம் போட்டால் வெறும் நிழல்.
இவர் சில்லில் உட்கரு ஒவ்வொன்றும்
எண்ணெய் தேய்த்த தேக்காய் அடர்ந்த பழுப்பு.
கெட்டுப்போன காவல்
வேலையும் செய்யாது, விலகியும் போகாது.
குவிந்து கிடக்கும்.

“ஐம்பத்து மூணா? என்னைவிட ஒரு வயசு இளையவன்.”

வீடு இறக்கும் மேஸ்திரி. கானாடுகாத்தானில் மட்டும் பதினொரு வீடு.
தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று,
ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்றேன்.
“இரட்டைத் தூண். தெரியும்மா.
முதல் தூணை உருவினா உத்தரம் அசையாது.
ரெண்டாவதுல கை வைக்கும்போதுதான்
ஆளுகள வெளிய போகச் சொல்லுவேன்.
உள்ள யாரும் சொல்லலியா?”
சொல்ல வேண்டியதுதான் போய்விட்டது.

இரண்டாவது சில்லை அவரிடம் காட்டவில்லை.
அதில் இருப்பது பழுது பார்க்கும் புரதம்.
சுண்ணாம்புத் தூசி, பீடிப்புகை,
நாற்பது வருஷம் விழுந்த கீறல்களை
வெட்டி எடுத்து, புது எழுத்து வைத்து மூடியது.
அதுவும் அழுத்தமாகவே ஏறியிருக்கிறது,
கட்டிக்குள்.
மதுரையில் ஏற்றப்போகும் பிளாட்டினம் மருந்து
இழைகளில் முடிச்சுப் போடும்;
இது போய் அவிழ்க்கக்கூடும்.
கெட்டது ஒன்றுமில்லை அதனிடம். அதே கை, அதே பூச்சு.
யார் வீடு என்று கேட்டுப் பழக்கமில்லை.

சில்லை வாங்கி டியூப்லைட்டில் தூக்கிப் பார்த்தார்.
“பேரு வைக்காம வெறும் நம்பரா?” என்றவர்
தானே சொன்னார்:
“நாங்களும் அப்படித்தான்.
இறக்குற தூணுக்கெல்லாம் சாக்பீஸ்ல நம்பர் போடுவோம்.
வாங்குறவன் மாத்தி நட்டுறக்கூடாதுல்ல.”

இருமல் படி இறங்கிப்போனது.
அடுத்த மெழுகுக்கட்டி:
கண்டனூர், பெண், அறுபத்தொன்று,
புகைப் பழக்கம் இல்லை.
கத்தியைத் துடைத்தேன்.