ஒரே தராசு

மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில்
எங்கள் ஊருக்கு ஒரே தராசு.
காலையில் அதன் கொக்கியில் பேய்க்கணவாய்.
வெயில் சாய்ந்ததும் கழுவி
துணித்தொட்டில் மாட்டினால் குழந்தைகள்.
முள் நிற்குமிடத்தை எழுதுபவன் நான்,
இரண்டு நோட்டுகளில்.

நீல நோட்டில்
ஆறு வருடம் முன்பு ஒரு கணவாய் இரண்டு கிலோ.
போன பௌர்ணமிக்கு நானூறு கிராம்.
இன்னும் கொஞ்சம் இளைத்தால்
கம்பெனிப் படகு வாங்காது.

சிவப்பு நோட்டில்
வுலசுவாவின் பெயர் ஐந்து இடத்தில்.
"கை கூடினால்தானே கணவாய் கூடும்"
என்பான் அவள் புருஷன் ரெமானி.
தப்பென்று சொல்ல மாட்டேன்.
இரண்டே போதுமென்றிருந்த அவன் அண்ணனுக்கு
ஒரே மழைக்காலக் காய்ச்சலில்
இரண்டும் போயின.

ஆனால் மகனுக்கொரு தோணி,
தோணிக்கொரு மரம்.
ரெமானியின் தோணி மரம்
மணல்மேட்டுக்குப் பின்னாலேயே நின்றது.
மூத்தவனுக்கு மாட்டுவண்டியில் இரண்டு நாள் போனான்.
நாலாமவனுக்கான மரம்
எந்தக் காட்டிலும் இன்னும் முளைக்கவில்லை.

பாறைத்திட்டை மூன்று மாதம் மூடுவதென்று
ஊர் கூடிப் பேசிய அன்று
ஐஸ் பெட்டிகளோடு நர்சும் வந்து இறங்கினாள்.
அவளுடைய ஊசிக்கும் மூன்று மாதம்.
"கடலுக்கும் எனக்கும் ஒரே கெடுவா?"
வுலசுவா சிரித்தபடி கையை நீட்டினாள்.
வீட்டில் சொன்னாளா, தெரியாது.
என் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

பெட்டிகள் எங்கே போகின்றன என்று கேட்டேன்.
படகுக்காரன் ஏதோ ஒரு நாட்டைச் சொன்னான்.
அங்கே வீட்டுக்கு ஒரு பிள்ளையாம்,
சில வீட்டில் நாய் மட்டுமாம்.
எங்கள் பாறையையே தின்கிறார்கள்
அந்தச் சின்னக் குடும்பங்கள்.
அவர்களை
எந்தக் கொக்கியில் மாட்டுவது?

திட்டு திறந்த காலை
வடக்கூர்த் தோணிகளும் வந்துவிட்டன.
தண்ணீர் தெரியாத கூட்டம்.
மூன்றாம் நாளே பொந்துகள் காலி.
ஆனாலும் முதல் நாள்
முள் ஒன்றரையைத் தாண்டித் தாண்டி ஆடியது,
எனக்குக் கை நடுங்கி
நீல நோட்டில் மை கொட்டியது.

வுலசுவா எட்டு கொடுத்தாள்.
ஒன்பதாவதைக் கொடுக்கவில்லை.
இரும்புக்கம்பியைக் கக்கத்தில் இடுக்கி
வழுக்கும் அந்தக் கால்களையெல்லாம் சேர்த்தணைத்து
தூக்கிப் பார்த்தாள்.
"கடைக்குட்டி பிறந்தப்போ இதே கனம்."
நான் தராசை நீட்டினேன்.
"வேண்டாம், இது குழம்புக்கு"
என்று நடந்தாள்,
பின்னால் ஐந்து பேர்.