முதல் பந்தி

கருங்கல் கல்யாண மண்டபம்.
முதல் பந்தியிலேயே எனக்கு இடம்.
"நம்ம ஷிபினுக்கு இன்னொரு போளி வை மக்கா"
என்கிறார் பெண்ணின் அப்பா, ஞானசிகாமணி மாமா.
ரப்பர் ஷீட் விற்ற மூன்று லட்சத்தை
பத்திரம் இல்லாமல் என்னிடம் தந்தவர்.

குவைத்திலிருந்து வந்த லிஜோ
தோளில் கை போட்டுப் படம் எடுக்கிறான்.
அவன் ஒன்றரையும்
மாமாவின் மூன்றும்
ஸ்டெல்லா மைனியின் சீட்டுப் பணமும்
ஒரே கணக்கில் கிடந்தன.
ஒரு வியாழக்கிழமை
இரண்டரைக்கும் மூன்றேகாலுக்கும் நடுவே
போயின.

அதற்குப் பிறகும் மாதம் பிறந்தால்
லாபம் அனுப்புகிறேன்.
மாமாவுக்குப் போனது என் பைக்.
லிஜோவுக்குப் போனது
தக்கலையில் அடகு வைத்த அம்மாவின் வளையல்.
மைனிக்கு இந்த மாதம் இன்னும் போகவில்லை.
அவள் எதிர் வரிசையில் இருந்து சிரிக்கிறாள்.

ஒருவரும் கையெழுத்து கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
அப்போதே பயந்திருப்பேன்.

அடைப்பிரதமன் வருகிறது.
இலைச் சரிவில் மடியைப் பார்த்து ஓடுவதை
போளியை ஒடித்து அணை கட்டி நிறுத்துகிறேன்.
இதற்குப் பெயர் ஸ்டாப் லாஸ், மாமா.
ஐந்து வயதில் படித்தது.
அன்றைக்கு மட்டும் போடவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயெடுக்கிறேன்.
மாமா குனிகிறார். வியர்வை, சந்தன வாசம்.
நான்காய் மடித்த கவரை
என் சட்டைப் பையில் சொருகுகிறார்.
"மண்டபத்துக்காரனுக்கு அடுத்த மாசம் குடுத்தா போதுமாம்.
அதுவரைக்கும்
ஒனக்க கையில கெடக்கட்டு."

மோர்க்காரன் வந்து
கையைக் குவிக்கச் சொல்கிறான்.
குவிக்கிறேன்.