மெல்லவா, ஒரே இரவிலா

மூன்று பக்கம் நீர், ஒரு பக்கம் நிலம்
என்கிறது பாடப்புத்தகம்.
எங்களுக்கு அந்த நான்காவது பக்கமும் அரைகுறைதான்:
சுண்ணாம்புக் குன்று, பனியில் வழுக்கும் ஒற்றைச் சாலை.
மேற்கே மிசிசிப்பி. கிழக்கே இல்லினாய்.
முனையில் சந்தித்தபின்னும்
நிறம் ஒட்டாமல் கொஞ்ச தூரம் கூடவே ஓடும்,
பேச்சு நின்றுபோன சம்பந்திகள்
ஒரே வண்டியில் ஊர் திரும்புவதுபோல.

ரயில் வரவே இல்லை.
வரும் என்று ஒருவன் அளக்க வந்தான்,
ஆப்பிள் கள்ளில் இரண்டு வாரம் கிடந்தான்,
முளைக்குச்சிகளை விட்டுவிட்டுப் போனான்.
பிடுங்கித் தக்காளிக்கு ஊன்றிக்கொண்டார்கள்.

பிறகு சிப்பி.
ஆற்றடியில் வாரி, வேகவைத்து,
சதையைப் பன்றிக்கு எறிந்து
ஓட்டில் வட்டம் வட்டமாகத் துளைத்தார்கள்
யாரோ நகரத்தில் போடும் சட்டைக்குப் பொத்தான்.
பிளாஸ்டிக் வந்தது. ஒரு திங்கட்கிழமை
இயந்திரம் நின்றது.
மிஞ்சிய ஓடுகளை வண்டிப்பாதைகளில் கொட்டினார்கள்.
இன்றும் டயர் கிழியும்.

நான் மாவட்ட வரி அலுவலகத்தில் இருக்கிறேன்.
ஒவ்வொரு ஜூனிலும் ஆல்வின் ஹாக்ஸ்மையர் வருவார்
இருபத்தாறு ஏக்கருக்கு வரி கட்ட.
இருபத்தாறும் ஆற்றுக்குள் இருக்கிறது.

சட்டம் நான் எழுதியதல்ல:
ஆறு மெல்ல மெல்ல அரித்தால்
எல்லையும் அதனோடு நகரும். போனது போனதுதான்.
ஒரே இரவில் வழி மாறிப் பாய்ந்தால்
எல்லை பழைய இடத்திலேயே நிற்கும்,
தலைக்குமேல் தண்ணீரோடு.

ஆகவே கேட்டேன்.
தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
"மார்ச்சில் ஒரு வேலிக்கம்பம் சாய்ந்தது.
அப்புறம் பீச் மரங்கள், வாரத்துக்கு ஒன்று.
ஒரு ராத்திரி நாய் குரைத்தது,
நான் எழுந்திருக்கவில்லை.
விடிந்தபோது மிச்சமும் இல்லை.
நீயே எழுதிக்கொள், ட்ரூடா."

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.

மழை பொய்த்த வருடம் மணல்திட்டு ஒன்று மேலே வந்தது,
அக்கரையை ஒட்டி. மிசௌரிக்காரன் ஒருவன்
வாத்து சுடக் குடிசை போட்டான்,
அவன் மாநிலத்துக்கு வரியும் கட்டினான்.
அந்த அலுவலகத்துப் பெண்ணுக்கு போன் செய்தேன்.
ஒரே மணலுக்கு இரண்டு ரசீது என்று
அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.
ஃபைலை இருவருமே மூடவில்லை.

ஆல்வின் தட்டையான படகில் தனியாகப் போய்
முழங்கால் சேற்றோடு வந்து நின்றார்.
கவுண்டரில் ஒரு சிப்பி ஓட்டை வைத்து,
"இது என் வண்டிப்பாதை" என்றார்.
வழக்கமான தொகையை எண்ணிக் கொடுத்தார்.
முத்திரை குத்தினேன்.

இன்று ஜூன் இருபத்தெட்டு. அவர் இன்னும் வரவில்லை.
மருத்துவமனைக்குப் போக எங்களுக்குப் படகேற வேண்டும்,
மூடுபனியில் படகு எடுக்க மாட்டார்கள்.
கட்டங்கள் இரண்டும் வெள்ளையாகவே இருக்கின்றன.
காற்றில் பறக்காமலிருக்க
படிவத்தின்மேல் அந்த ஓட்டை வைத்திருக்கிறேன்.
ஏழு ஓட்டைகள் முழுசாக.
எட்டாவது, துளைக்கத் தொடங்கி
பாதியில் விட்டது.