கனம்

(மினாஸ் ஜெராய்ஸ், 1738)

வரிச்சாவடிச் சிப்பாய்கள்
தொப்பியைக் கழற்றி மண்டியிட்டார்கள்.
சோதனையில்லாமல் கடந்துபோனார் அந்தோணியார்,
தொலைந்ததை மீட்டுத் தருபவர்.

போன வருஷம் நாலு பேர் தூக்கிய மரச்சுரூபம்.
இந்த வருஷம் எட்டுப் பேர்.
"பக்தி கூடிவிட்டது"
என்றார் சுரங்க முதலாளி பல்தசார்.
குருவானவர் இருமினார்.

அடிமை கிரினோவுக்கு எழுத்து தெரியாது.
தோளுக்கு எடை தெரியும்.

நடு ஆற்றில், பாசிக்கல்லில்
கால் வழுக்கியதோ
வழுக்கவிட்டானோ.

மரம் மிதக்கவேண்டும்.
அந்தோணியார்
நேரே
அடிக்குப் போனார்.

பின்னாலேயே குதித்தார் பல்தசார்,
பூட்ஸோடு, செபமாலையோடு.
மேலே வரவில்லை.

இப்படியொரு விசுவாசமா என்று
கரையெல்லாம் அழுதது.

இருட்டியபின்
நீண்ட மூங்கிலோடு தனியே வந்து
ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார்
குருவானவர்.